மாத்திரை ஏன் விட்டுப்போகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம்?

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார், கடையில் வாங்கியும் ஆயிற்று, வீட்டில் கொண்டுவந்து வைத்தும் ஆயிற்று. அதற்கப்புறம் அந்த மாத்திரை எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், எழுதிய நாள் வரைக்கும் உடம்புக்குள் போகிறதா என்பது தனிக் கதை. வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள், நர்ஸிங் படிப்பவர்கள், மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று, இதில் இப்போதுதான் இறங்கியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள் என்றால் ஏதோ நாலைந்து சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. வசதியான நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள், வசதி குறைந்த நாடுகளில் அது இன்னும் குறைவு என்றது அந்த அறிக்கை. பிரச்சினையும் புதிதல்ல. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கிவரும் பழைய கிரேக்க மருத்துவ எழுத்துகளிலேயே, நோயாளிகள் மருந்தை எடுக்காமல் எடுத்ததாகச் சொல்வார்கள், கவனமாக இரு என்று வைத்தியருக்கு எச்சரிக்கை இருக்கிறது. ஆக இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாக மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாத்திரை விட்டுப்போவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது அவருக்கு நியாயமாகவே படுகிற காரணம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாம் செய்கிற உதவியெல்லாம், அலாரம் வைத்துக் கொடுப்பதாகட்டும், பெட்டி வாங்கிக் கொடுப்பதாகட்டும், அதட்டுவதாகட்டும், பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது.

முதலில், விட்டுப்போனால் என்ன ஆகும்?

ஒரு மாத்திரை உடம்புக்குள் போனதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறுகிறது, பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. அடியில் சின்ன ஓட்டை உள்ள பானையில் தண்ணீரை ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா, அதே கணக்குத்தான். ஓட்டை பெரிதா சிறிதா என்பது மருந்துக்கு மருந்து மாறும். தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சின் மிக மெதுவாகக் குறையும். பாதி அளவு வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் ஒரு நாள் மறந்தால் அன்றே எதுவும் தெரியாது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா அப்படியில்லை. அரை மணி நேரம் தள்ளிப்போனாலே சிலருக்குக் கை கால் விறைத்துப்போய் எழுந்து நடக்க முடியாமல் ஆகிவிடும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு இரண்டு மூன்று வேளை விட்டுப்போனால், பல மாதங்களாக வராத வலிப்பு திரும்ப வந்துவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது, திடீரென்று நிறுத்தினாலே ஆபத்தானவை. இதயத்துக்காகக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால், இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரலாம். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் வேகமாக ஏறி, முன்பிருந்ததையும் தாண்டிப் போகலாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிற, ஆனால் அதுவரைக்கும் சும்மா இருந்து பழகிவிட்ட அட்ரினல் சுரப்பியால் உடனே வேலைக்குத் திரும்ப முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாய் அடைபடாமல் விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழல்) வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும், டாக்டர் சொல்லாமல் இடையில் நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் அதிகம் பேர் கவனிக்காத ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒருவர் பிரஷர் மாத்திரையை வாரத்தில் மூன்று நாள்தான் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. அளந்து பார்த்தால் 170/100 இருக்கிறது. மாத்திரை போதவில்லை போல என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார், அடுத்த முறை இன்னொரு மாத்திரை சேர்க்கிறார், அதற்கடுத்த முறை மூன்றாவதும் வருகிறது. பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக இவர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார், அங்கே நர்ஸ் சீட்டில் உள்ள மூன்றையும் நேரம் தவறாமல் கையில் கொடுத்து விழுங்க வைக்கிறார். அதுவரை ஒன்றையே அரைகுறையாகப் பார்த்த உடம்பு, மூன்றையும் முழு அளவில் பார்க்கிறது, ரத்த அழுத்தம் கீழே இறங்கித் தலைசுற்றி விழுகிறார். யார் மேலும் தப்பில்லை, ஆனால் சொல்லப்படாத ஒரு விஷயம் இத்தனை தூரம் கொண்டுவந்து விட்டுவிட்டது.

கேட்கிற விதம்

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன், போட்டேன்."

எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சு. இந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது, ஏனென்றால் இல்லை என்று சொன்னால் அடுத்தது திட்டு என்பது அம்மாவுக்குத் தெரியும். டாக்டர் அறையிலும் இதேதான். "மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்கல்ல?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. இதனால்தான் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்கிறார்கள். விட்டுப்போவது சகஜம் என்பதை முதலில் நாமே சொல்லிவிட வேண்டும், ஆமாம் இல்லை என்று பதில் வராதபடி கேட்க வேண்டும், சமீபத்திய கொஞ்ச நாளைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும்.

"இத்தனை மாத்திரையை ஞாபகம் வெச்சுப் போடுறது யாருக்குமே கஷ்டம்தான் ஐயா. போன வாரத்துல எத்தனை வேளை விட்டுப்போயிருக்கும்?"

"பொய் சொல்லக் கூடாதும்மா... ராத்திரி மாத்திரை ஒரு மூணு நாள் போடலை."

"சரிங்க ஐயா. ராத்திரி மட்டும் ஏன் விட்டுப்போகுது?"

"அதைப் போட்டா நடுராத்திரியில நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு. தூக்கமே இல்லை."

பாருங்கள், இவர் மறக்கவில்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரையை ராத்திரியில் போட்டுக்கொண்டு, தூக்கம் கெடுகிறது என்று தானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த வகை மாத்திரைகளைப் பெரும்பாலும் காலையில்தான் எடுக்கச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றினால் தீர்ந்தது. இவருக்கு ஒரு அலாரம் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது அடித்துக்கொண்டே இருந்திருக்கும், இவர் அணைத்துக்கொண்டே இருந்திருப்பார்.

அந்த இரண்டாவது கேள்வி, "ஏன் விட்டுப்போகுது" என்பது, கேட்கிற குரலில் இருக்கிறது. விசாரணை மாதிரி கேட்டால் மறந்துட்டேன் என்பார்கள், ஏனென்றால் மறதிக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால்தான் உண்மையான காரணம் வரும். அதை அவர் சொன்ன உடனே மறுத்துப் பேசாமல் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அடுத்த காரணமும் வரும், பல நேரம் முக்கியமானது அந்த இரண்டாவதுதான்.

மறந்துபோகிறவர்

இதுதான் இருப்பதிலேயே எளிது, அதனால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள், பல் தேய்ப்பது, காலைச் சாப்பாடு, படுக்கப் போகும் முன் கதவைப் பூட்டுவது, எது அவருக்கு ஒருநாளும் தவறாதோ அது. மாத்திரையும் அந்த இடத்திலேயே கண்ணில் படும்படி இருக்கட்டும் (குழந்தைகள் கைக்கு எட்டும் இடமாக இருந்தால் மட்டும் வேண்டாம், அப்போது மாத்திரைக்குப் பதில் ஒரு குறிப்புச் சீட்டை அங்கே ஒட்டலாம்). கிழமை எழுதிய அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி நல்ல பொருள். அதனால் இன்னொரு லாபமும் உண்டு. இன்றைக்குப் போட்டேனா போடலையா என்ற குழப்பம் வரும்போது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சந்தேகத்தில் இரண்டாவது முறை போட்டுவிடுகிற ஆபத்து இல்லை. ஆனால் எல்லா மாத்திரையையும் உறையிலிருந்து பிரித்துப் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை காற்றும் வெளிச்சமும் பட்டால் வீரியம் இழந்துவிடும், அது வந்த பாட்டிலிலேயே இருக்க வேண்டும். வேறு எதைப் பிரித்து வைக்கக் கூடாது என்று மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறதி திடீரென்று கூடியிருந்தால், முன்பெல்லாம் கச்சிதமாகப் போட்டவர் இப்போது குழம்புகிறார் என்றால், பெட்டியோடு விட்டுவிட வேண்டாம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்

இவர்களைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் வீட்டில் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இவர்களோடுதான். ஒரு மருந்தைத் தொடர்வதா விடுவதா என்று மனிதர் மனசுக்குள் போடுகிற கணக்கில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. இது எனக்குத் தேவையா என்பது ஒன்று, இதனால் எனக்கு என்ன கெடுதல் வரும் என்பது மற்றொன்று. ராப் ஹார்ன் என்ற ஆய்வாளர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்து சொல்லிவருகிறார். தேவையில்லை என்று தோன்றினாலோ, பயம் தேவையைவிடக் கூடுதலானாலோ, மாத்திரை நின்றுவிடும். ஆகவே எதிரில் இருப்பவர் எந்தத் தட்டில் தடுக்கி நிற்கிறார் என்று முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்பவருக்குத் தேவை தெரியவில்லை. பிரஷரும் கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் வலிக்காது, அதுதான் அவற்றின் கெட்ட குணம். மாத்திரை போட்டாலும் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது, சில சமயம் போட்டால்தான் தலைசுற்றல் அது இது என்று தொந்தரவு. இவரிடம் பக்கவாதம், மாரடைப்பு என்று பயமுறுத்திப் பேசுவதைவிட எண்ணைக் காட்டுவது மேல் என்று நினைக்கிறேன். மாத்திரை போட்ட இரண்டு வாரத்தின் ரத்த அழுத்தத்தை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உடம்பு காட்டாததை நோட்டு காட்டும். நல்லாத்தான் இருக்கேன் என்பதற்கு, மாத்திரையும் ஒரு காரணம் என்பதை நாம் சொல்வதைவிட அவரே கண்டுபிடிப்பது நிற்கும்.

சில மருந்துகளுக்கு உடனே பலன் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லாததாலும் விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், முழுப் பலன் தெரிய இன்னும் கூட. ஆனால் குமட்டல் போன்ற பக்க விளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது தொந்தரவு முன்னால், நன்மை பின்னால். இதை யாரும் சொல்லவில்லை என்றால் பத்தாவது நாள் நிறுத்திவிடுவதில் ஆச்சரியமே இல்லை. ஆஸ்துமாவுக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரும் அப்படித்தான். மூச்சுத் திணறும்போது அடிக்கிற இன்ஹேலர் உடனே நெஞ்சைத் திறந்துவிடுகிறது, தினசரி எடுப்பது உடனே ஒன்றும் செய்வதாகத் தெரியாது, அதனால் இது வேலைக்காகாது என்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, திணறும்போது அடிப்பதையே நம்பியிருப்பார்கள். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது அந்த ஓரமாக வைத்ததுதான்.

இன்னொரு தட்டு, பயம். "இத்தனை மாத்திரை தின்னா கிட்னி போயிடும்" என்பதை எத்தனை முறை கேட்டிருப்போம். இதை அபத்தம் என்று தள்ளிவிடுவது தப்பு, அதில் ஒரு உண்மை இருக்கிறது. வலி மாத்திரைகளில் சில, இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, நாள்கணக்கில் இஷ்டத்துக்கு எடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே நேரம், கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகம் பழுதாவதற்கு முதல் இரண்டு பெரிய காரணங்கள். கிட்னிக்குப் பயந்து சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவர் கிட்னியைத்தான் பணயம் வைக்கிறார். இதை இந்த வரிசையில் சொல்ல வேண்டும், அவர் சொன்னதில் சரியாக இருப்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மற்றது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். பயந்தவருக்கு ஒரு எண் கிடைத்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

பக்க விளைவு நிஜமாகவே இருந்து, அதைச் சொல்லாமல் நிறுத்தியவர்களும் ஏராளம். எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அது மாத்திரையால் என்று தெரியாமல் இருமலுக்கு மருந்து தேடுகிறவர்களும் உண்டு, தெரிந்து சத்தமில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. டாக்டரிடம் சொன்னால் இருமல் தராத வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கினால் சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பது, குறைந்த அளவில் தொடங்குவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான நோய்களுக்கு மாற்று இருக்கிறது. நிறுத்தும் முன் ஒரு போன் பண்ணுங்கள், இதை மட்டும் எல்லோருக்கும் சொல்லி வைக்கலாம்.

மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறிவிட்டால் அதைப் பார்த்துக் குழம்பி நிறுத்துவதும் நடக்கிறது. மருந்து அதேதான், தயாரிப்பவர் வேறு, ஆனால் போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நிறம் மாறிய பிறகு மருந்தை விடுவது கூடுகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கடையில் கொடுக்கும்போதே "இது அதே மருந்துதாம்மா, கலர் மட்டும் வேற" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

எடுக்க நினைத்தும் முடியாதவர்

மனசு இருக்கிறது, வழி இல்லை. மருந்து வாங்கக் காசு போதவில்லை என்று, தினமும் போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நாளைக் கடத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். நாமாகத்தான் மெல்லக் கேட்க வேண்டும். அதே மருந்து குறைந்த விலையில் ஜெனரிக்காக (கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில்) கிடைக்கலாம், அல்லது உண்மையிலேயே தேவையில்லாத ஒன்றிரண்டை டாக்டர் குறைக்கலாம். விரலில் மூட்டுவாதம் இருப்பவரால் இறுக்கமான மூடியைத் திறக்க முடியாது, பார்வை மங்கியவரால் அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடியாது, விழுங்கச் சிரமப்படுபவர் பெரிய மாத்திரையைப் பார்த்தாலே பயப்படுவார்.

விழுங்க முடியவில்லை என்றவுடன் மாத்திரையைப் பொடிசெய்து கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காமல் செய்யாதீர்கள். மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேலே பூச்சு போட்டவையும் உண்டு, பொடித்தால் அந்தப் பூச்சுக்கு வேலையே இல்லை. பல மருந்துகள் சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்கின்றன, மருந்தாளுநரைக் கேட்டால் சொல்வார்.

இதோடு சேர்த்து ஒன்று. வேண்டாம் என்று சொல்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்தைக் கலந்து கொடுப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். விவரம் தெரிந்த பெரியவருக்குத் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, அதுபோக ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் கொடுக்கும் எதையும் நம்பிச் சாப்பிட மாட்டார். நினைவாற்றல் மங்கிப்போய்த் தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவர் என்றால் அது வேறு விஷயம், அதைக்கூட டாக்டரோடும் குடும்பத்தோடும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சீட்டில் எழுதியது புரிந்ததா?

மறதியும் இல்லை, மறுப்பும் இல்லை, வசதிக் குறைவும் இல்லை, ஆனால் தப்பாக எடுக்கிறார். இது நாம் நினைப்பதைவிட அதிகம். "மூன்று வேளை" என்றால் சிலருக்கு அது சாப்பிடும் வேளை, ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் மாத்திரையும் இல்லை. "வெறும் வயிற்றில்" என்றால் சாப்பிட்டு அரை மணி கழித்தா, சாப்பிடுவதற்கு முன்பா என்று தெளிவில்லை. தேவைப்பட்டால் மட்டும் போடச் சொன்ன வலி மாத்திரை தினசரி மாத்திரையாகிவிடுகிறது. குழந்தைக்கு 5 மில்லி சிரப் என்றால் கையில் கிடைத்த கரண்டியில் ஊற்றுகிறார்கள், ஒவ்வொரு கரண்டியும் ஒரு அளவு. மருந்தோடு வரும் அளவு மூடியையோ சிரிஞ்சையோதான் பயன்படுத்த வேண்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். மற்ற மாத்திரைகள் தினசரி என்பதால் இதையும் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான கதைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. யாருக்காவது இது எழுதியிருந்தால் எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

சரி, புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரிந்தது என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக அவரையே சொல்லிக் காட்டச் சொல்ல வேண்டும். பரீட்சை வைப்பது போல இல்லாமல், பொறுப்பை நம் மேல் போட்டுக்கொண்டு: "நான் தெளிவா சொன்னேனான்னு பாத்துக்கறேன், வீட்டுக்குப் போய் இதை எப்படி எடுப்பீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்கம்மா." அவர் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ அதை மட்டும் மறுபடி விளக்கி, மறுபடி கேட்க வேண்டும். இன்ஹேலர், கண் சொட்டு மருந்து, இன்சுலின் ஊசி போன்றவற்றில் வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள். இன்ஹேலரை அழுத்துவதும் மூச்சை உள்ளிழுப்பதும் ஒன்றாக நடக்காமல் மருந்தெல்லாம் நாக்கிலேயே நின்றுவிடுவதை அப்போதுதான் பார்ப்பீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம், அப்புறம் வாய் எரிகிறது என்று இன்ஹேலரையே விட்டுவிடுவார். கண்ணுக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து எழுதியிருந்தால் ஒன்று போட்டு ஐந்து நிமிடமாவது விட்டு அடுத்ததைப் போட வேண்டும், அடுத்தடுத்துப் போட்டால் முதலாவது வழிந்தோடிவிடும்.

மருந்தையே எளிமையாக்குவது

ஒருவரை மாற்றுவதைவிட அவருடைய மருந்துப் பட்டியலை எளிமையாக்குவது பல நேரம் சுலபம். நாளுக்கு மூன்று நான்கு வேளை எடுப்பதைவிட ஒரே வேளை எடுப்பது ஒழுங்காக நடக்கிறது என்பது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதே மருந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் வகையில் இருக்கிறதா, இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது, அதைவிட முக்கியமாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். பழைய சீட்டில் எழுதிய மாத்திரையும், ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதிய மாத்திரையும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருப்பதை அங்கேதான் கண்டுபிடிப்பார்கள். சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் பாரசிட்டமால், காய்ச்சலுக்கு வாங்கியதிலும் பாரசிட்டமால், இரண்டையும் சேர்த்து அளவைத் தாண்டிக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வது நடக்கிற விஷயம். கடையில் நேரடியாக வாங்கிய மாத்திரை, மூலிகை மருந்து, சத்து மாத்திரை எல்லாமே பையில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒழுங்காகத்தான் போடுகிறேன், ஆனாலும் தைராய்டு அளவு சரியாகவில்லை என்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

ஒரு வேளை விட்டுப்போய்விட்டால்

இதை மருந்து வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எல்லா மருந்துக்கும் ஒரே விதி இல்லை. பல மருந்துகளுக்குப் பொதுவாகச் சொல்வது, ஞாபகம் வந்தவுடன் போட்டுவிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் அதன் நேரத்தில் போட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இன்சுலின், வலிப்பு மருந்து போன்றவற்றுக்குத் தனித்தனி வழிமுறைகள் உண்டு. அவற்றை எழுதி வாங்கி மாத்திரைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிருமிக்கொல்லி மருந்து என்றால் டாக்டர் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும், மீதத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று பத்திரப்படுத்தக் கூடாது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் நான்கு மாதம் குறைந்த மருந்துகள். இருமலும் காய்ச்சலும் முதல் சில வாரங்களிலேயே குறைந்துவிடுவதால் பாதியில் விடத் தோன்றும், பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சி வளரும். அதனால்தான் ஒரு சுகாதாரப் பணியாளர் எதிரில் இருந்து விழுங்குவதைப் பார்க்கும் முறையே அந்த நோய்க்கு வந்தது. அந்தப் பணியாளர் வெறும் கண்காணிப்பாளராக நிற்காமல், குமட்டல் வந்தால் விசாரித்து, ஒரு நாள் வராவிட்டால் தேடிப்போகிற இடங்களில்தான் அந்த முறையும் நன்றாக நடக்கிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பலரும் போவதற்கு நாலைந்து நாள் முன்னால் மட்டும் ஒழுங்காக மாத்திரை போடுவார்கள், வந்த பிறகு கொஞ்ச நாள் தொடரும், அப்புறம் பழையபடி. எப்போது திறந்தார்கள் என்று பதிவுசெய்யும் மின்னணு மூடி போட்ட மருந்து பாட்டில்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இது அப்படியே தெரிந்திருக்கிறது. இதனால் அன்றைக்கு அளக்கும் எண் நன்றாகவே இருக்கும், டாக்டரும் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார். ஆகவே போகும்போது ஒரு துண்டுச் சீட்டில், போன மாதம் எந்த மாத்திரை அதிகம் விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்று நோயாளி சொன்னபடியே இரண்டு வரி எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். உள்ளே போனதும் முதலில் அந்தச் சீட்டை நீட்டச் சொல்லுங்கள்.